காடிக்குத் தெரியலையாம்மா?

காலை 7.40-க்கு நான் வானொலியில் சாலை நிலவரம் வாசிப்பேன். எட்டு வருடமாக இது என் வேலையில் ஒரு பகுதி. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியபோது பெரிய பெரிய பேட்டிகள் எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருந்தேன். எடுக்கவும் செய்கிறேன். ஆனால் கோயில் திருவிழாவில் யாராவது என்னை அடையாளம் கண்டுகொண்டால், "அந்த ரோடு ஜேம் சொல்ற பொண்ணுதானே நீங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

"தாப்பாவுக்கும் கோப்பெங்குக்கும் இடையே வாகனம் ஒன்று சறுக்கி, சாலையோரத் தடுப்பில் மோதியதால் போக்குவரத்து மெதுவாக நகர்கிறது." இந்த வாக்கியத்தை ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். சறுக்கி என்ற சொல்லில் நான் ஒரு நொடி கூட நின்றதில்லை. மழை பெய்தது, வாகனம் சறுக்கியது, அடுத்து ஒரு பாட்டு.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை நானே சறுக்கினேன். அப்பாவும் அம்மாவும் காடியில் இருந்தார்கள்.

காடி என்னுடையதல்ல, என் தம்பியுடையது. அவனுக்கு வயது 30. ஈப்போவில், கச்சானுக்குப் பேர்போன மெங்லெம்பு பக்கம் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். சின்ன வயதில் மற்றப் பையன்கள் ரஜினி படம் ஒட்டிய இடத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டிய கரம்ஜித் சிங் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் அவன். 2002-இல் நம்ம புரோட்டோன் காடியை ஓட்டி, உலக ராலி போட்டியின் உற்பத்திக் கார் பிரிவில் சாம்பியன் ஆனாரே, அவர்தான். அப்போது முதலே என் தம்பிக்குக் காடி என்றால் உயிர்.

இரண்டு வருடத்துக்கு முன் பழைய மாஸ்டா 3 எம்.பி.எஸ். ஒன்றை வாங்கினான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. வெளியே பார்த்தால் சாதாரண ஐந்து கதவுக் காடிதான். உள்ளே 2.3 லிட்டர் டர்போ இன்ஜின். சுமார் 260 குதிரைசக்தி, 380 நியூட்டன் மீட்டர் டார்க். இந்த எண்கள் எனக்கும் முதலில் புரியவில்லை. "அக்கா, உன் மைவி 1.5-க்கு டார்க் 136. இப்ப புரியுதா?" என்றான். (மைவி ஓட்டுகிறவர்களைச் சாலையின் ராஜா என்று நாடே கேலி செய்கிறது. நான் அந்த வம்சம்தான், மறுக்கவில்லை.)

இவ்வளவு சக்தியும் முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் போகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம். காடியை இழுப்பதும் முன்சக்கரம், திருப்புவதும் அதே முன்சக்கரம். டயருக்குத் தரையில் இருக்கும் பிடிமானம் மாதச் சம்பளம் மாதிரி, ஓர் அளவுதான். அதிலேயே வீட்டுத் தவணையும் கட்ட வேண்டும், காடித் தவணையும் கட்ட வேண்டும். இழுப்பதற்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டால் திருப்புவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. கீழ் கியரில், ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையில், ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஸ்டியரிங் கையைப் பிடித்து ஒரு பக்கமாக இழுக்கும். ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இதைத் தயாரிப்பாளர்களும் அறிந்திருந்தார்கள். அதனால் கீழ் கியர்களில், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்த்து, இன்ஜின் கொடுக்கும் டார்க்கைக் குறைத்துவிடும்படி கம்ப்யூட்டரில் எழுதி வைத்தார்கள். நேராகப் பிடித்தால் முழுச் சக்தி கிடைக்கும். வளைத்தால் கொஞ்சம் அடக்கிவிடும். ஸ்டியரிங்கின் கோணத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது, ஸ்டியரிங் தண்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன சென்சார்.

தம்பிக்கு அது பிடிக்கவில்லை. "காசு கொடுத்து வாங்கின குதிரைய கயித்துல கட்டி வெச்சிருக்கானுங்க" என்பான். இந்தக் காடியை வைத்திருக்கும் இளைஞர்கள் உலகமெங்கும் இதே புலம்பலைப் புலம்பியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கண்ட வழியும் ஒன்றுதான்: அந்த சென்சாரின் சேதி கம்ப்யூட்டருக்குப் போகாமல் செய்துவிடுவது. வளைவு என்று யாரும் சொல்லாவிட்டால் அடக்குவதற்குக் காரணம் இல்லையே! ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தம்பியும் அதைச் செய்தான். ஒரு டே தாரிக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னான்.

இதில் நான் நல்லவள் வேடம் போட விரும்பவில்லை. அடுத்த வாரம் ஈப்போ வந்தபோது அதை நானும் ஓட்டினேன், எனக்கும் பிடித்தது. சிமிங்ஞை லைட்டில் நின்று புறப்படும்போது முதுகை சீட்டோடு சேர்த்து அழுத்தும் அந்த உணர்வு, வாரம் முழுக்க மைக்கின் முன்னால் உட்கார்ந்தே இருப்பவளுக்கு வேறெங்கே கிடைக்கும்? மீட்டர் பலகையில் ஓர் இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. "இது என்னடா?" என்றேன். "சும்மா ஒரு லைட் எரியுது லா அக்கா, கண்ண உறுத்துது" என்றான்.

கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். பேட்டிக்கு வருகிறவர் இப்படி மழுப்பினால், "எந்த லைட்? ஏன் எரிகிறது?" என்று அடுத்த கேள்வியை விடமாட்டேன். அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை என் மைவி தம்பியின் பட்டறையில் சர்வீசுக்கு நின்றது. கோப்பெங்கில் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. தம்பி வேலையை விட்டு வரமுடியாது என்று தன் காடிச் சாவியைக் கொடுத்தான். அப்பா முன்சீட்டில், அம்மா பின்னால் பலகாரப் பையோடு. விழா முடிந்து பத்து காஜாவை நோக்கித் திரும்பும்போது மழை விட்டிருந்தது. கெல்லி கோட்டையைக் கடக்கும்போது அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். ரப்பரில் சம்பாதித்த வில்லியம் கெல்லி சுமித் 1926-இல் லிஸ்பனில் இறந்துபோக, பாதியில் நின்றுபோன மாளிகை அது. பக்கத்து மாரியம்மன் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரையின் சிலையும் நிற்கிறது. "கட்டினது நம்ம ஆளுங்க, மேல நிக்கிறது அவரு" என்று அப்பா ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்களும் ஒவ்வொரு முறையும் சிரிப்போம்.

அம்மா, "நம்ம பழைய தோட்டத்து ஆத்தாவுக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டுப் போயிடலாம்மா" என்றார். அப்பா அந்தத் தோட்டத்தில்தான் பால் லோரி ஓட்டினார். பால்மரம் இப்போது ஒன்றுகூட இல்லை. எல்லாம் செம்பனை. லயங்கள் இருந்த இடத்தில் புல்தான் இருக்கிறது. கோயில் மட்டும் மிச்சம், சுற்றி வேலி போட்டு. கற்பூரம் ஏற்றினோம். அப்பா வேலி ஓரம் நின்று, இங்கேதான் பால் நிறுக்கும் கொட்டகை, இங்கேதான் கிராணியின் மேசை என்று காற்றைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து புறப்பட்டு, தோட்டத்து உள்சாலை பெரிய சாலையோடு சேரும் வளைவு. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் கொண்டுவந்து போட்ட செம்மண், மழையில் ஊறி, தார் மேல் பூசியது மாதிரி கிடந்தது. வலதுபக்கம் தூரத்தில் ஒரு லோரி வந்துகொண்டிருந்தது. அதற்குள் வெளியேறிவிடலாம் என்று நினைத்தேன். இரண்டாவது கியர். ஸ்டியரிங்கை நன்றாகத் திருப்பி, காலை அழுத்தினேன்.

காடி திரும்பவில்லை. முன்சக்கரங்கள் சேற்றில் வெறுமனே சுற்றின. நான் திருப்பிய திசை ஒன்று, காடி நேராகப் போகிற திசை வேறு. பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். அது இரண்டாவது தப்பு. சுற்றுவது நின்றதும் முன்சக்கரங்களுக்குத் திடீரென்று பிடி கிடைத்தது. அவையோ இன்னும் திரும்பிய நிலையில்தான் இருந்தன. மூக்கு உள்ளே பாய, பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் செம்பனை, சாலை, லோரி, மறுபடி செம்பனை. பின்பக்கமாக வாய்க்காலில் இறங்கி, ஒரு மரத்தில் சாய்ந்து நின்றோம். வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

லோரிக்காரர் நிறுத்தி ஓடிவந்தார். தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர் கதவைத் திறந்தார்கள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, பலகாரம்தான் எங்கும் சிதறிக் கிடந்தது. அப்பா முன்னால் கையை ஊன்றியிருக்கிறார். இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

சாலையோரத்தில் உட்கார்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் என்னிடம் கேட்டார்: "நீ சரியாத்தானேம்மா திருப்பின. நான் பாத்தேன். காடிக்குத் தெரியலையாம்மா, நீ எந்தப் பக்கம் போறேன்னு?"

என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன வார்த்தை அது. மோட்டாரில் முக்கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்த தம்பியிடமும் அதையே சொன்னார். தம்பியின் முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவன் வாய்க்காலில் இறங்கி, காடிக்குள் தலையை விட்டு, அந்தக் கறுப்பு டேப்பை நகத்தால் உரித்தான். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சறுக்கும் காடியும் கீழே இரண்டு வளைந்த கோடும் போட்ட விளக்கு. உங்கள் காடியிலும் சாவி போட்டதும் ஒரு கணம் எரிந்து அணையும், பாருங்கள்.

மருத்துவமனை வராந்தாவில் இரவு இரண்டு மணி வரை இருந்தோம். அங்கேதான் தம்பி எனக்கு முழுசாகச் சொன்னான். அந்த சென்சார் ஒரு வேலைக்கு மட்டும் வைத்ததல்ல என்று.

வழுக்கலைச் சமாளிக்க உதவும் இஎஸ்சி என்ற அமைப்பைப் பற்றி நானே வானொலியில் பேசியிருக்கிறேன். அச்சடித்த தாளைப் பார்த்து வாசித்தேன் என்பதுதான் உண்மை. அது எப்படி வேலை செய்கிறது என்று அன்றிரவுதான் புரிந்தது. காடியில் இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒன்று, தரைக்கு மேலே காடி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கருவி. இன்னொன்று, ஸ்டியரிங் சென்சார். ஓட்டுகிறவர் எங்கே போக விரும்புகிறார் என்று அதுதான் சொல்லும். இரண்டையும் கம்ப்யூட்டர் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. நொடிக்கு 25 முறை என்பது இந்த அமைப்பை உருவாக்கிய போஷ் நிறுவனம் சொல்லும் கணக்கு. இரண்டு சாட்சியும் ஒத்துப்போகாவிட்டால், ஏதாவது ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக்கைப் பிடித்து, இன்ஜினையும் அடக்கி, ஓட்டுநர் நினைத்த பக்கம் காடியை இழுத்துக்கொண்டு வரும். நான்கு சக்கரத்தில் ஒன்றுக்கு மட்டும் பிரேக் போட எந்த மனிதக் காலாலும் முடியாது.

தம்பி ஒரு சாட்சியின் வாயைக் கட்டியிருந்தான். அப்புறம் ஒப்பிட என்ன இருக்கிறது? சக்தியை அடக்கும் கயிறு போனது, கூடவே சறுக்கும்போது பிடிக்கும் கையும் போனது. அதைச் சொல்லத்தான் அந்த விளக்கு எரிந்தது. அதன் மேல் டேப் ஒட்டினோம். ஒட்டினான் என்று எழுத வந்து மாற்றுகிறேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவளும் ஒட்டினவள்தான். காடியின் மேல் ஒரு குறையும் இல்லை. எச்சரிக்கை செய்துகொண்டே ஓடியது பாவம்.

"தெரியாம செஞ்சியா?" என்றேன். "தெரியும். ஆனா நான்தானே ஓட்டறேன், எனக்குப் பழக்கம்னு நெனச்சேன். நீ ஓட்டுவேன்னு நெனக்கல" என்றான். பிறகு, "அப்பா உக்காருவாருன்னும் நெனக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அதற்கப்புறம் நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். வேலைப் புத்தி. 1995-இல் மெர்சிடிஸ் பென்ஸின் எஸ் கிளாஸ் என்ற பணக்காரக் காடியில்தான் இது முதலில் வந்தது. அங்கேயே நின்றிருக்கும். ஆனால் 1997 அக்டோபரில் சுவீடனில் ஒரு வாகனப் பத்திரிகைக்காரர்கள் மெர்சிடிஸின் புத்தம்புதுச் சின்னக் காடியான ஏ கிளாஸைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த நாட்டுச் சாலைகளில் மூஸ் என்ற பெரிய மான் திடீரென்று குறுக்கே வரும். அது வந்தால் விலகி மறுபடி பாதைக்குத் திரும்ப முடிகிறதா என்பது சோதனை. நமக்குத் தோட்டத்துச் சாலையில் காட்டுப்பன்றி வருவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். காடி குப்புறக் கவிழ்ந்தது. உலகம் முழுக்கச் சிரித்தது. நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி, எல்லா ஏ கிளாஸிலும் அந்தப் பணக்காரக் காடியின் அமைப்பைக் கூடுதல் காசு வாங்காமல் பொருத்திக் கொடுத்தது. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இது சின்னக் காடிகளுக்கும் பரவ ஆரம்பித்தது.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2007-இல் இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது, காடி வேறு எதிலும் சம்பந்தப்படாமல் தானாகத் தடம்புரளும் விபத்துகள் சாதாரணக் கார்களில் 34 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டது. உயரமான எஸ்யுவி வகைகளில் 59 விழுக்காடு. நம் நாட்டில் 2017 நவம்பரில் வந்த புது மைவியில் எல்லா ரகத்திலும் இது இருக்கிறது. 2018 நடுவிலிருந்து புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு அரசாங்கம் கட்டாயமாக்கியது. அதாவது, சுவீடனில் கவிழ்ந்த காடியின் பாடம் நம் தாமான் வீட்டு வாசலில் நிற்கும் மைவிக்கு வந்து சேர இருபது வருடம். அதை டே தாரிக் ஆறுவதற்குள் கழற்றிவிடலாம்.

மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இதையெல்லாம் சொல்லிப் புரியவைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. தம்பி அவர் முகத்தைப் பார்க்கவே வரவில்லை. வாரக் கடைசியில் கூடப் பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். திட்டு விழும் என்று நானும் எதிர்பார்த்தேன். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "அவன வரச் சொல்லு, நான் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அப்பா சொன்னது எங்கள் யாருக்கும் அதுவரை தெரியாத கதை.

அவர் ஓட்டியது ஒரு பழைய பெட்ஃபோர்டு. முதுகில் பால் டேங்க். மரத்துப் பால் உறைந்துவிடாமல் இருக்க அமோனியா ஊற்றுவார்கள். அந்த நெடி அப்பாவின் சட்டையிலிருந்து எத்தனை துவைத்தாலும் போகாது. என் சின்ன வயதின் வாசனையே அதுதான். டேங்க் முழுக்க நிரம்பியிருந்தால் லோரி சொன்னபடி கேட்குமாம். காலியாக இருந்தாலும் கேட்குமாம். "பாதி டேங்க்தான் பேய்" என்றார். நீ வளைவில் திருப்பினால் லோரி திரும்பும். உள்ளே இருக்கிற பால் நேராகவே போகும், போய்ப் பக்கத்துத் தகட்டில் முட்டும், முட்டித் திரும்பி வந்து மறுபக்கம் முட்டும். நீ திருப்பி முடித்த பிறகுதான் பால் திரும்ப ஆரம்பிக்கும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே காலை எடுத்து, பாலுக்கு முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும்.

இதெல்லாம் முன்பே கேட்டதுதான். புதிது அடுத்து வந்தது. அந்தக் காலத்து டீசல் பம்பில் கவர்னர் என்று ஒன்று இருக்கும். இன்ஜின் ஓர் அளவுக்கு மேல் ஓடாமல் பிடித்து வைப்பது. அதன் ஸ்குருவை யாரும் தொடாதபடி கம்பி கட்டி ஈய முத்திரை வைத்திருப்பார்கள். மேட்டுப் பத்தியில் பாரத்தோடு ஏற லோரி திணறியதாம். சீக்கிரம் போய்ச் சேராவிட்டால் பால் கெட்டுவிடும், கிராணி சம்பளத்தில் கை வைப்பார். ஒருநாள் இரவு அப்பா அந்த முத்திரைக் கம்பியை வெட்டி ஸ்குருவைத் திருகிவிட்டார்.

"ஏறுச்சா?" என்றான் தம்பி. அன்றைக்கு அவன் பேசிய முதல் வார்த்தை.

"பறந்துச்சு" என்றார் அப்பா. கண்ணில் இன்னும் அந்தச் சந்தோஷம் இருந்தது, நான் பார்த்தேன். மூன்று மாதம் யாருக்கும் தெரியாது. பிறகு இறக்கத்தில், பாதி டேங்க் பாலோடு, வழக்கத்தைவிட வேகமாக ஒரு வளைவுக்கு வந்துவிட்டார். லோரியின் இடதுபக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பியதாம். மேலே தொற்றிக்கொண்டு வந்த உதவியாள் குதித்துவிட்டான், காலில் அடி. லோரி கவிழவில்லை. ஏன் கவிழவில்லை என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அன்று இரவே ஸ்குருவைப் பழைய இடத்துக்குத் திருகி, புகையிலை டப்பாவின் ஈயத்தாளைச் சுருட்டிப் பொய் முத்திரை வைத்துவிட்டார். உதவியாளுக்குச் சாகும்வரை தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தாராம். யாரோ தூரத்துச் சொந்தம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

"நான் வெட்டினது ஒரு கம்பி, அது ஒரு வேலை. என்ன போகும்னு எனக்குத் தெரியும், ஸ்பீடு கூடும், அவ்வளவுதான்" என்றார். "இவன் வெட்டினதுல என்னென்ன தொங்கிட்டிருக்குன்னு வெட்டினவனுக்கே கணக்கு இல்ல. இந்தக் காலத்து ஒயரு அப்படி." இதைத் திட்டாகச் சொல்லவில்லை. ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்வது மாதிரி சொன்னார். தம்பி அவர் மாவுக்கட்டின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்.

மிச்சம் காகித வேலை. விபத்து நடந்து 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்தோம். சறுக்கியது என்று நான் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். அதே சொல். காப்புறுதிக்கு வந்தபோதுதான் கை நின்றது. பாரத்தில் வாகனத்தில் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா என்று ஒரு வரி. இல்லை என்று எழுதினால் பொய். ஆம் என்று எழுதினால் கேள்வி வரும். ஜேபிஜே அனுமதி இல்லாமல் வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமே பதில் வைத்திருக்கிறது. ஒரு நண்பர், "ஒயர மாட்டிட்டா யாருக்குத் தெரியும்?" என்றார். நல்ல மனிதர்தான், நமக்கு உதவியாகத்தான் சொன்னார். தம்பி பாரத்தை மடித்து மேசை டிராயரில் வைத்துவிட்டான். பழுது பார்க்க ஆன 7,800 வெள்ளியை இருவரும் பாதிப் பாதி போட்டோம். என் பாதியை அவன் மாதம் 200 வெள்ளியாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை.

சென்சாரை மறுபடி மாட்டி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, நேர் என்றால் இதுதான் என்று கம்ப்யூட்டருக்கு முதலிலிருந்து கற்றுக்கொடுத்தான். விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. அணைந்ததா என்று மூன்று முறை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இன்னமும் காலை 7.40-க்கு நிலவரம் வாசிக்கிறேன். சறுக்கி என்ற சொல் வரும்போது இப்போதெல்லாம் குரல் ஒரு கணம் தடுமாறுகிறது. தயாரிப்பாளர் ஒருமுறை, "லைனில் ஏதோ பிரச்சனையா?" என்று கேட்டார்.

போன மாதம் காடியை விற்கலாம் என்று தம்பி முடிவு செய்தான். தைப்பிங்கிலிருந்து ஓர் இளைஞர் வந்தார், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிருக்கும், கூட அம்மாவையும் அழைத்து வந்திருந்தார். பானட்டைத் திறந்து பார்த்தார், குனிந்து கீழே பார்த்தார், மரத்தில் மோதிய பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். தம்பி நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அந்த இளைஞர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணே, அப்ப ஸ்டியரிங் சென்சாரத் திரும்ப மாட்டிட்டீங்களா?"

"மாட்டிட்டேன்."

"ப்ச். சரி, பரவால்ல. நான் போய்க் கழட்டிக்கிறேன். ஒரு ஐந்நூறு குறைச்சுக்கங்க."

அவருடைய அம்மா அதற்குள் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடம் தாராளமாக இருக்கிறது என்று என் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி அவரைப் பார்த்தான், திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தான். பிறகு சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இல்ல தம்பி, வீட்டுல இன்னும் பேசி முடிக்கல. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றான்.

காடி இன்னும் பத்து காஜா வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. தவணை இன்னும் இரண்டு வருடம் ஐந்து மாதம். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா இடது கையைச் சரியாக மடக்க முடியாமல், வலது கையாலேயே அதைக் கழுவுகிறார்.